காற்று தூக்கிக்கொண்டு போன மீன்

கல்யாணமாகி இரண்டு வருஷம் வரைக்கும் என் தாயார் எனக்குப் போட்ட கடிதங்களை நான் கையால் தொட்டதில்லை. காதால் கேட்டதோடு சரி. உடைத்துப் படித்துக் காட்டியவள் என் ஓரகத்தி, என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. இதில் அவளைக் குறை சொல்வதற்கும் இல்லை. கடிதம் வந்ததே அவள் புருஷன், என் மூத்தாரின் பெயருக்குத்தான். அந்த நாளில் குடும்பத்துக்கு ஒரு விலாசம், விலாசத்துக்கு ஓர் ஆண்பிள்ளையின் பெயர். அந்த ஆண்பிள்ளை காலையில் வேலைக்குப் போனால் சாயங்காலம்தான் திரும்புவார். தபால்காரன் சைக்கிள் மணி அடிக்கும்போது வாசலில் நிற்பவள் ஓரகத்தி.

அவளுக்கு ஏழாவது வரை படிப்பு. எனக்கு ஜாசின் பக்கத்துத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்று வருஷம். அதிலும் பாதி நாள் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வகுப்புக்கு வெளியே நின்றதுதான். அச்செழுத்தாக இருந்தால் கூட்டிக் கூட்டிப் படித்துவிடுவேன். கையெழுத்து என்றால் எறும்பு வரிசை மாதிரிதான் தெரியும்.

ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்குப் படிப்பு இல்லை என்று எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். மூளை இல்லை என்று சொன்னவர்கள் இரண்டு பேர். இரண்டு பேரும் இரண்டாம் தடவை சொல்லவில்லை.

நாங்கள் இருந்தது மலாக்காவில், காஜா பேராங் சாலையிலிருந்து உள்ளே போகிற ஒரு சந்தில். பலகை வீடு, தகரக் கூரை, இரண்டு குடும்பத்துக்கும் ஒரே அடுப்பு. சமையல் ஓரகத்தியுடையது. அவளுடைய கை சுத்தமான கை, வேகமான கை. ஆனால் உப்புப் பக்கம் போகாத கை. உப்பு ரத்தத்தைக் கெடுக்கும் என்று எங்கேயோ படித்துவிட்டாள். படித்தவளை என்ன செய்ய முடியும்? இதை ஒரு தடவை ஊருக்குப் போயிருந்தபோது அம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

அம்மாவுக்கு எழுதத் தெரியாது. தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியிடம் சொல்லி எழுதச் சொல்வார். அம்மா சொன்னதைச் சொன்னபடி அவர் எழுதுவார். அந்த மாதக் கடிதத்தை ஓரகத்தி கூடத்தில் உட்கார்ந்து, மூத்தார், என் வீட்டுக்காரர், நான் எல்லோரும் கேட்க, ரேடியோவில் செய்தி வாசிக்கிற குரலில் வாசித்தாள்.

"அன்புள்ள மகளுக்கு அநேக ஆசீர்வாதம். அப்பா சுகம். நானும் சுகம். உன் ஓரகத்தி குழம்பில் உப்புப் போட ஆரம்பித்தாளா, இல்லை நீ இன்னும் ஒளித்துப் போட்டுத்தான் சாப்பிடுகிறாயா என்று அறிய ஆவல்."

ஒரு எழுத்துக்கூடத் தடுக்கவில்லை. முடித்தாள், மடித்தாள், என்னைப் பார்த்தாள்.

"உங்கம்மா உப்பைப் பத்திக் கேட்டிருக்காங்க. பதில் போடணும்ல? என்ன எழுதட்டும்?"

பதில் எழுதுகிறவளும் அவள்தான் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

"உப்பு சரியா இருக்குன்னு எழுதுங்கக்கா," என்றேன்.

அன்றிலிருந்து ஒரு வாரம் எங்கள் வீட்டுக் குழம்பில் கொஞ்சநஞ்சம் இருந்த உப்பும் நின்றது. என் வீட்டுக்காரர் சட்டைப் பையில் காகிதத்தில் மடித்து உப்பு எடுத்துவர ஆரம்பித்தார். அவர் நகராட்சியில் தண்ணீர்க் குழாய் பார்க்கிறவர். சண்டை என்றால் குழாயை மூடிவிட்டு அடுத்த தெருவுக்குப் போகிற சுபாவம். மேசைக்கு அடியில் கையை விட்டு எனக்கும் ஒரு சிட்டிகை தருவார். அதுதான் அவருடைய காதல்.

எட்டாம் நாள் நான் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டேன்.

"அக்கா, இனிமே என் கடுதாசி வந்தா என் கையில குடுத்துருங்க."

"குடுத்து? மோந்து பாப்பியா?"

"படிப்பேன்."

"எழுத்தைப் படிச்சிருவ புள்ள, ஒரு மாசம் ஆனாலும் படிச்சிருவ. அர்த்தம் புரியணும்ல?"

"எனக்கா புரியாது?"

அவள் உள்ளே போய் ஒரு தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

அப்போது வெள்ளைக்காரன் போகப்போகிறான் என்று நிச்சயமாகிவிட்டது. சுதந்திர நாளைக் கடற்கரைத் திடலில் கூட்டம் கூட்டி அறிவித்துவிட்டுப் போயிருந்தார்கள். ஊரே ஏதோ புது வீட்டுக்குக் குடிபோகிற மாதிரி ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தது. எங்கள் பகுதிப் படிப்பகத்துப் பையன்கள் தமிழுக்கு ஒட்டடை அடித்தார்கள். பொங்கலுக்கு மாதர்களுக்கென்று ஒரு போட்டி வைத்திருந்தார்கள். பழம்பாடல் விளக்கம். பாடலை அச்சடித்து, அதன் கீழே மூன்று சொல்லையும் போட்டிருந்தார்கள்: தொனி, குறியீடு, பாடுபொருள். பாட்டை மனப்பாடமாகச் சொல்லி, இந்த மூன்றையும் விளக்க வேண்டும். நடுவர் சிங்கப்பூரிலிருந்து வரும் ஒரு புலவர்.

"நான் பேர் குடுத்தாச்சு," என்றாள் ஓரகத்தி. "நீயும் குடு. மேடையேறி இந்தப் பாட்டுக்கு அர்த்தம் சொல்லு. புலவர் வாயால சரின்னு ஒரு வார்த்தை வரட்டும். அன்னையிலேருந்து உன் கடுதாசிய உடைக்க மாட்டேன். பழசையும் கட்டிக் குடுத்துடறேன்."

"வரலைன்னா?"

"வரலைன்னா நான் படிக்கறதைக் காலத்துக்கும் கேட்டுக்கிட்டு உக்காரு. உப்புக் காயிதத்தையும் சேத்துத்தான்."

மூத்தார் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார். என் வீட்டுக்காரர் முகட்டைப் பார்த்தார். நான் பெயர் கொடுத்தேன்.

என் வீட்டுக்காரர் சவரம் செய்துகொண்டே அந்தப் பாட்டை எனக்கு வாசித்துக் காட்டினார். மூன்று தடவை கேட்டேன். பாட்டு வந்துவிட்டது. எழுதத் தெரியாதவர்களுக்குக் காது நன்றாக வேலை செய்யும். ரொம்பப் பழைய பாட்டு, பாடியவர் பெயர்கூடக் கிடைக்கவில்லையாம். சொல்லெல்லாம் கரடுமுரடு. ஆனால் சங்கதி சின்னதுதான். ஒரு மீனவப் பெண். அவள் அம்மா மணலில் மீனைக் காயப்போட்டு, பறவை வராமல் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். ஒரு பறவை வந்து இருக்கிறதிலேயே நல்ல மீனாக ஒன்றை எடுத்துக்கொண்டு தெற்கே பறந்துவிட்டது. அந்தப் பெண் தோழியிடம் சொல்கிறாள்: அம்மா கேட்டால், காற்று கொண்டுபோய்விட்டது என்று சொல்லிவிடு.

அவ்வளவுதான் பாட்டு.

எனக்கு முதலில் வந்தது ஆத்திரம். ஒரு வேலை கொடுத்தால் ஒழுங்காகச் செய்யத் தெரியாதா? நல்ல மீனாகப் பார்த்து விட்டுக்கொடுத்துவிட்டு, பொய் வேறு. பாடுபொருள் எனக்கு உடனே விளங்கிவிட்டது: வேலை நேரத்தில் வேடிக்கை பார்க்கக் கூடாது. இதற்கா சிங்கப்பூரிலிருந்து புலவர் வர வேண்டும்?

என் வீட்டுக்காரர் முகத்தில் சோப்போடு திரும்பினார். "அப்படி இருக்காதும்மா. பழைய பாட்டுன்னா உள்ளே வேற என்னமோ இருக்கும்."

"உள்ள என்ன இருக்கு?"

"அது தெரிஞ்சா நான் ஏன் குழாய் பாக்கறேன்?"

தொனி என்ற சொல்லுக்கும் அவரைத்தான் கேட்டேன். சொல்கிற விதம் என்றார். அது எனக்கு நன்றாகவே பிடிபட்டது. ஓரகத்தி "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பாள். மூத்தாரிடம் கேட்டால் உட்காருங்கள் என்று அர்த்தம். விருந்தாளியிடம் கேட்டால் கிளம்புங்கள். என்னிடம் கேட்டால் பாத்திரம் கிடக்கிறது. சொல் ஒன்றுதான். இந்த வீட்டில் இரண்டு வருஷம் இருந்தவளுக்குத் தொனியைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

குறியீடுதான் பிடிபடவில்லை. ஓரகத்தி பின்கட்டில் நடந்துகொண்டே மனப்பாடம் செய்வது கேட்டது. யாரிடமோ உரைப் புத்தகம் வாங்கியிருந்தாள். "தொனி, சோகம். பறவை, தலைவன். மீன், தலைவியின் உள்ளம். பாடுபொருள், பிரிவுத்துயர்." சந்தைச் சாமான் பட்டியல் மாதிரி ஒன்றுவிடாமல் சொன்னாள். அவள் சொல்வது சரியாகவும் இருந்தது.

இந்த நடுவில் அம்மாவிடமிருந்து இரண்டு கடிதம் வந்தது. உப்புக் கடிதத்துக்குப் பிறகு, தோட்டத்துப் பக்கம் போன ஒரு சொந்தக்காரியிடம், இங்கே கடிதத்தை எல்லோரும் கேட்கிறார்கள், பார்த்து எழுதச் சொல்லு என்று நான் சொல்லியனுப்பியிருந்தேன். அம்மா ரொம்பத்தான் பார்த்து எழுதிவிட்டார். இரண்டு கடிதம் முழுக்கக் கோழி. கறுப்புப் பெட்டை மேயப் போன இடத்தில் தங்கிவிட்டது. சேவல் முன்னைப்போல் கூவுவதில்லை. கூட்டுக் கதவை நான் கட்டுவதில்லை, எப்போது வந்தாலும் வரட்டும். இப்படியே போகும். ஓரகத்தி சிரித்துச் சிரித்துப் படித்தாள்.

"உங்கம்மா கோழிப் பண்ணை வச்சிருக்காங்களா புள்ள?"

எனக்கும் அம்மாமீது கோபம்தான். உப்புக்குப் பயந்து இப்படியா?

எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு செட்டிக் குடும்பம். மலாக்காச் செட்டி என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் குழப்பமாக இருக்கும். கோயில் நம் கோயில், விபூதி நம் விபூதி, கட்டுவது சாரோங் கெபாயா, பேசுவது மலாய். அந்த வீட்டுப் பெண்ணை நாங்கள் நோன்யா என்று கூப்பிடுவோம். என்னைவிட இரண்டு வயசு மூத்தவள், ஊர்ச் சங்கதி ஒன்று விடாதவள். அவள் என்னை "அடெக்" என்பாள், தங்கச்சி என்று அர்த்தம். நான் பாசாரில் கற்றுக்கொண்ட மலாயில் பேசுவேன். அதில் இலக்கணம் கிடையாது, காய்கறியும் விலையும்தான் உண்டு. ஆனாலும் எங்களுக்குள் பேச்சு நின்றதில்லை.

போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, நான் வேலியோரம் துணி காயப்போட்டுக்கொண்டு நின்றேன். நோன்யா உஜோங் பாசிர் மீனவர்களிடம் வாங்கிய மீனை முறத்தில் பரப்பி வெயிலில் வைத்துக்கொண்டிருந்தாள். முகம் ஏன் வாடியிருக்கிறது என்று கேட்டாள். நான் முழுக்கதையையும் சொன்னேன். கடிதம், உப்பு, பந்தயம், பாட்டு. பாட்டை என் பாசார் மலாயில் போட்டு உடைத்தேன்: மீன் காயுது, பறவை வருது, நல்லதா ஒண்ணு எடுக்குது, தெற்கே போகுது, அம்மா கேட்டா காத்துன்னு சொல்லு.

நோன்யா முறத்தின் மேல் எதையோ இழுத்துப் போர்த்திக்கொண்டே கேட்டாள்:

"ஜாலா மானா?"

வலை எங்கே என்று கேட்கிறாள். எனக்கு விளங்கவில்லை. என்ன வலை?

அவள் முறத்தைக் காட்டினாள். மீனின் மேல் ஒரு கிழிந்த பழைய வலை. "மீன் காயப்போட்டா மேல வலை போடணும், அடெக். நானே ஒரு கிழிசல் வலை வச்சிருக்கேன். என் வீட்டுக்காரர் ஆபீஸ் வேலை பாக்கறவர். அவ மீனவன் மகள். வீடு பூரா வலைதானே? ஏன் போடல?"

நான் துணியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன்.

"பாட்டுல வலை இல்ல," என்றேன்.

"இல்லைன்னா அவ போடல. போடலைன்னா பறவை வரட்டும்னு இருந்திருக்கா." பிறகு கண்ணைச் சிமிட்டினாள். "தெற்கே யார் இருக்கான்?"

அதற்கப்புறம் அவளை நிறுத்த முடியவில்லை. அவர்கள் வீட்டில் கல்யாணப் பேச்சு, சண்டை, கேலி எல்லாம் பந்துன் பாட்டில்தான். நாலு வரி. முதல் இரண்டு வரியில் பூ, மீன், மழை என்று என்னமோ வரும். சங்கதி பின் இரண்டு வரியில். "முன்னாடி வர்றது நிழல், அடெக். பின்னாடி வர்றதுதான் ஆள். நிழலைப் பிடிச்சுக்கிட்டு நிக்கக் கூடாது."

அதற்கு ஒரு கதையும் சொன்னாள். அவளைப் பெண் கேட்டு வந்தபோது, அவள் அம்மா இரண்டு வரியோடு நிறுத்திக்கொண்டார்களாம்: கிணற்றோரம் வெற்றிலை இன்னும் இளசு, பறிக்கப் போனால் மழை வருது. இரண்டு மாதம் கழித்து வாருங்கள் என்று அர்த்தம். மாப்பிள்ளையின் மாமா ஒருவர் நிழலைப் பிடித்துக்கொண்டார். பாவம், இவர்கள் வீட்டில் வெற்றிலைக்குக் கஷ்டம் என்று நினைத்து, மறுநாள் ஒரு கூடை வெற்றிலையோடு மழையில் நனைந்துகொண்டு வந்து நின்றாராம். இப்போதும் எந்த விசேஷத்துக்கு அவர் வந்தாலும் வாசலில், வெற்றிலை கொண்டுவந்தீர்களா என்று கேட்பார்களாம்.

நான் சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் வந்தேன். வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த மாமா செய்ததைத்தான் நானும் செய்திருக்கிறேன். பாட்டில் மீன் என்றதும் மீனுக்காகச் சண்டை போட்டேன்.

போட்டி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். படிப்பகத்துக் கூடம் நிரம்பிவிட்டது. நோன்யா நல்ல கெபாயா உடுத்திக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. ஆனால் இது தன்னுடைய வழக்கு என்பது மாதிரி உட்கார்ந்திருந்தாள். புலவர் கட்டைமீசை, தடித்த மூக்குக்கண்ணாடி, கையில் தாள்கட்டு. என் வீட்டுக்காரர் கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில்.

ஓரகத்தி பேசினாள். உள்ளதைச் சொல்ல வேண்டும், மணிமணியாகப் பேசினாள். பாட்டைச் சொன்ன அழகு ஒன்று, விளக்கம் ஒன்று. சோகம் என்று சொல்லும்போது சபையே சோகமாகிவிட்டது. புலவர் தலையை ஆட்டி ஆட்டி எழுதிக்கொண்டார்.

அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். அவையோர்களே, சான்றோர்களே என்று ஆரம்பிக்க வேண்டுமாம். நான் மறந்துவிட்டேன். பாட்டைச் சொன்னேன், பிழையில்லாமல் வந்தது. பிறகு ஒரு கணம் எல்லாம் வெள்ளையாகிவிட்டது. நோன்யா முன்வரிசையிலிருந்து இரண்டு கையையும் விரித்து முறத்தின் மேல் வலை போர்த்துகிற மாதிரி காட்டினாள்.

"ஐயா, ஒரு சந்தேகம்," என்றேன். "வலை எங்கே?"

புலவர் நிமிர்ந்தார். "எந்த வலை அம்மா?"

"மீனைக் காயப்போட்டா மேல வலை போடுவாங்க. இது மீனவன் வீடு. வலைக்குப் பஞ்சமா?"

அவர் தாளைப் புரட்டினார். "பாடலில் வலை இல்லையே."

"அதைத்தாங்கய்யா நானும் சொல்றேன். இல்லை."

பெண்கள் பக்கம் ஒரு சிரிப்பு கிளம்பியது. எனக்குத் தெம்பு வந்துவிட்டது. அதற்கப்புறம் சுத்தத் தமிழெல்லாம் போய், வீட்டுத் தமிழில் இறங்கிவிட்டேன்.

"பறவை வரட்டும்னுதான் அவ வலை போடல. காவலுக்கு உக்காந்தவளே கதவைத் திறந்து விட்டிருக்கா. அப்புறம் சோகம்னு சொன்னாங்க. எனக்கு அப்படித் தோணலைங்கய்யா. அழுகிற பொண்ணு பொய் சொன்னா பாத்துப் பாத்துச் சொல்லுவா. பூனைன்னு சொல்லுவா, நாய்ன்னு சொல்லுவா. காத்து மீனைத் தூக்கிட்டுப் போச்சுன்னு எவளாவது சொல்லுவாளா? அதுவும் இருக்கறதுலயே நல்ல மீனா பாத்து? அம்மாக்காரி அந்தக் கடற்கரையிலேயே பொறந்து வளந்தவ. இதை நம்புவாளா? நம்ப மாட்டான்னு இவளுக்குத் தெரியாதா? சிரிப்பை அடக்கிக்கிட்டுச் சொல்றாய்யா. அதான் தொனி."

"அப்படியானால் குறியீடு? பறவை தலைவன்தானே?"

"பறவை நிழலுங்கய்யா. அது போன திசையில ஆள் இருக்கான். தெற்கேன்னு அவ சும்மா சொல்லல."

"பாடுபொருள்?" புலவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டிருந்தார்.

"அம்மாகிட்ட நேராச் சொல்ல முடியாது. ஆனா அம்மாவுக்குத் தெரியணும். அதுக்குத்தான் இவ்வளவும்."

புலவர் சிரித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். "உரைகாரர் யாரும் வலையைக் கேட்கவில்லை. சரிதான் அம்மா. சரிதான்," என்றார்.

முதல் பரிசு ஓரகத்திக்குத்தான். கண்ணாடிக் கூஜாவும் ஆறு கிளாஸும். அதில் நியாயம் இருந்தது. அவையோரை மறந்தவளுக்கு யார் முதல் பரிசு கொடுப்பார்கள்? எனக்கு ஒரு சோப்புப் பெட்டி. ஆனால் எனக்கு வேண்டியது கூஜா இல்லையே.

நடந்து வீடு திரும்பும்போதே வழக்கு ஆரம்பித்துவிட்டது.

"அது ஒத்துக்கிட்ட சரிதான் இல்ல," என்றாள் ஓரகத்தி, கூஜாவை மார்போடு அணைத்துக்கொண்டு. "சரிதான், எறங்குன்னு சொல்ற சரிதான்."

"ரெண்டு தடவை சொன்னாருக்கா."

"முதல் தடவை சிரிச்சுக்கிட்டுச் சொன்னாரு. சிரிச்சுக்கிட்டுச் சொன்னா அது கேலி."

"ரெண்டாவது தடவை?"

"கண்ணாடி துடைச்சுக்கிட்டுச் சொன்னாரு. அது களைப்பு."

"அவர் தொனியை நீங்க எப்படி முடிவு பண்றீங்க?"

"ஏழாவது வரை படிச்சிருக்கேன்ல?"

நோன்யா, என்ன சண்டை என்று என்னிடம் கேட்டாள். சொன்னேன். அவள் நடுத்தெருவில் நின்று, புலவர் மாதிரியே இல்லாத கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, "சாரிதான் அம்மா, சாரிதான்," என்று நடித்துக்காட்டினாள். தமிழ் தெரியாதவள். ஆனால் அந்தக் குரல் அப்படியே புலவர் குரல். அதில் கேலியும் இல்லை, களைப்பும் இல்லை. மூத்தார் சாலையென்றும் பார்க்காமல் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். ஓரகத்தி கூஜாவை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"நீங்க சொல்லுங்க," என்று அவள் என் வீட்டுக்காரரைப் பிடித்தாள். "யார் ஜெயிச்சது?"

"அண்ணி, யார் ஜெயிச்சாலும் சரி. குழம்புல உப்புப் போட்டாப் போதும்," என்றார் அவர். அந்த மனிதர் வாழ்நாளில் சொன்ன ஒரே தைரியமான வார்த்தை அதுதான்.

மறுநாள் காலையில் என் தலையணைப் பக்கத்தில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. திறந்தால் என் அம்மாவின் கடிதங்கள், தேதிவாரியாக அடுக்கி, நூலால் கட்டி. ஓரகத்தி பின்கட்டில் கூஜாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவள். அவளிடம் அந்தக் குணம் எப்போதும் உண்டு.

அடுத்த மாதம் வந்த கடிதம் உடைக்காமல் என் கைக்கு வந்தது. நானே உடைத்தேன். படித்து முடிக்க இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் ஓரகத்தி என்னைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கூட்டுவாள், கூட்டின இடத்தையே திரும்பக் கூட்டுவாள்.

"இன்னும் முதல் பக்கமா?"

"ஆமாக்கா."

"கோழி எப்படி இருக்கு?"

"இருக்குக்கா."

கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான். கறுப்புப் பெட்டை கூட்டுக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. வழி மறந்திருக்காது, அங்கே வேலி பலமாக இருக்கும்போல. சேவலின் சத்தமே கேட்பதில்லை. நான் கூட்டுப் பக்கம் பார்த்தபடியே இருக்கிறேன்.

படித்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் எனக்குத்தான் வித்தை தெரிந்துவிட்டதே. இருப்பதை விட்டுவிட்டு இல்லாததைத் தேடினேன். பழைய கடிதம் எல்லாவற்றிலும் இரண்டாவது வரி "அப்பா சுகம்." இதில் அந்த வரி இல்லை. வலை இல்லை! சேவலின் சத்தம் கேட்பதில்லை! அப்பாவுக்கு என்னமோ ஆகிவிட்டது! நாலு மாதமாக ஊர்ப்பக்கம் போகாத பெட்டை யார் என்று சொல்ல வேண்டுமா? அன்றைக்கே அழுது அடம்பிடித்து, மூத்தாரிடம் அனுமதி வாங்கி, தைலம், வெந்நீர்ப் பை, காய்ச்சல் மாத்திரை என்று ஒரு பை நிறையக் கட்டிக்கொண்டு, மறுநாள் காலை என் வீட்டுக்காரரோடு ஜாசின் பஸ் ஏறினேன்.

தோட்டத்து லயத்தில், எங்கள் வரிசைவீட்டு வாசலில், அப்பா சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தார். பாட்டு வேறு பாடிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "என்னம்மா, வந்துட்டியா?" என்று அவர் போட்ட சத்தம் அடுத்த லயத்துக்குக் கேட்டிருக்கும்.

நேரே அடுப்படிக்குப் போனேன். அம்மா ஊதுகுழலால் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார்.

"அப்பாவுக்கு என்னம்மா?"

"அவருக்கென்ன, கல்லு மாதிரி இருக்காரு."

"அப்ப ஏன் கடுதாசியில அப்பா சுகம்னு போடல?"

"காயிதத்துல இடம் பத்தல."

கடிதத்தின் பின்பக்கம் முழுக்க வெள்ளையாக இருந்ததை நான் பார்த்திருந்தேன். கொல்லைப் பக்கம் எட்டிப் பார்த்தேன். தக்காளிச் செடி இருந்தது, தண்ணீர்த் தொட்டி இருந்தது. கோழி ஒன்றையும் காணோம்.

"கறுப்புப் பெட்டை எங்கேம்மா?"

"மூசாங் பிடிச்சிட்டுப் போச்சு." மூசாங் என்றால் மரநாய். தோட்டத்தில் உண்டுதான்.

"சேவல்?"

"அதையும்தான்."

"கூடு?"

அம்மா ஊதுகுழலை வாயில் வைத்துக்கொண்டார். கன்னம் உப்பியது, காற்று மட்டும் வரவில்லை.

"கூட்டையுமா மூசாங் தூக்கிட்டுப் போச்சு?"

"ஆமா," என்றார் அடுப்பைப் பார்த்தபடி. "அதையும்தான். பெரிய மூசாங்."

வெளியிலிருந்து அப்பா குரல் கொடுத்தார். "நம்ம கோழியைக் கூட்டோட வித்து நாலு மாசமாச்சே, என்ன கோழியைத் தேடறே?"

நாலு நாள் இருந்துவிட்டு வந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கிச் சந்துக்குள் நுழையும்போதே ஓரகத்தி வாசலில் நின்றாள்.

"அப்பா எப்படி?"

"நல்லா இருக்காருக்கா."

"கோழி?"

பெருமைக்காரி நான். உண்மையைச் சொல்லி, தைலத்தோடு ஓடியதற்குச் சிரிப்பு வாங்க மனம் வரவில்லை. "மூசாங் தூக்கிட்டுப் போயிருச்சுக்கா," என்றேன். "கூட்டோட."

"கூட்டோடயா?"

"ஆமா."

அவள் என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். உள்ளே போகும்போது, திரும்பிப் பார்க்காமலேயே சொன்னாள்:

"அடுத்த மாசமும் ஒரு தடவை போய்ட்டு வா புள்ள. மூசாங் திரும்பி வந்தாலும் வரும். உன் மூத்தார்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

அன்று ராத்திரிக் குழம்பில் உப்பு சரியாக இருந்தது. என் வீட்டுக்காரர் பழக்கதோஷத்தில் சட்டைப் பையில் கையை விட்டார், பிறகு வெளியே எடுத்துவிட்டார். நான் அம்மாவுக்கு அந்த வாரமே என் கையால் முதல் கடிதம் எழுதினேன், ஐந்து வரி. உப்பைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.